மாத்திரை போட்டால் தூங்கிவிடுகிறவர் எப்படிக் கொலை வரை போகிறார்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் வலி மாத்திரைக்கு அடிமையான கணவர் மனைவியைக் கொன்றார் என்று அடிக்கடி செய்தி வருகிறது. அபின் வகை மருந்து ஆளைத் தூங்க வைக்கும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்புறம் எப்படிக் கொலை? எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் ஓஹையோவில் இருக்கிறாள். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கணவர் மாத்திரையை விடவே இல்லை. 'மாத்திரை போட்டால் சாது, போடாவிட்டால்தான் கோபம்' என்கிறாள். பயப்பட வேண்டுமா?"

பயப்படத்தான் வேண்டும். அவள் சொன்ன அந்த ஒரு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. நான் ஓஹையோவிலேயே போதை சிகிச்சை ஆலோசகராக வேலை பார்ப்பவன். மருந்தைப் பற்றிக் கொஞ்சமும், அந்த மருந்து நுழைந்த வீட்டைப் பற்றி அதிகமாகவும் சொல்கிறேன். காரணம், நான் பார்த்த வரையில் ஆபத்து வீட்டில்தான் உருவாகிறது.

முதலில் மருந்து. ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், ஹெராயின், ஃபென்டனில் எல்லாம் ஓபியாய்ட் என்கிற ஒரே அபின் வகைக் குடும்பம். நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். போட்டவர் சொக்கிப்போவார், கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும், மூச்சு மெதுவாகும். சாராயம் போல வாயையும் கையையும் அவிழ்த்துவிடுகிற சரக்கு இல்லை இது. மெத், கோகெய்ன் என்கிற ஊக்க போதைப்பொருள்கள் போல மூன்று நாள் தூங்கவிடாமல் ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்பதாகக் காட்டுவதும் இல்லை. ஓபியாய்ட் மட்டும் ஏறியிருக்கிற நேரத்தில் ஒருவர் எழுந்து வந்து அடிப்பது குறைவு.

ஆனால் 'ஓபியாய்ட் மட்டும்' என்று இருக்கிற ஆள் இன்றைக்கு எங்கே கிடைக்கிறார்? மாத்திரையோடு பியர், பதற்றத்துக்கு சானக்ஸ், பகலில் விழித்திருக்க மெத் என்று கலந்துதான் போகிறது. அதனால் 'அவர் வெறும் வலி மாத்திரைதான் சாப்பிடுகிறார்' என்று குடும்பத்தார் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? சுவீடனில் 1998 முதல் 2013 வரையிலான பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. குடி அல்லது போதைப்பொருள் பிரச்சினைக்குச் சிகிச்சை பெற்ற ஆண்கள், மனைவியையோ துணைவியையோ தாக்கிக் கைதாவது மற்ற ஆண்களைவிடச் சுமார் 6, 7 மடங்கு அதிகம் என்று அது கண்டது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிகிறது. அந்த ஆண்களில் மிகப் பெரும்பாலோர் மேல் அப்படி ஒரு வழக்கு வந்ததே இல்லை. ஆக, போதை ஆபத்தை ஏற்றுகிறது, ஆனால் அது தனியாக நின்று யாரையும் கொலைகாரன் ஆக்குவதில்லை.

கொலை என்று வரும்போது நான் எப்போதும் திரும்பிப் போவது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக நர்சிங் பேராசிரியர் ஜாக்குலின் கேம்பெல் தலைமையில் 2003-ல் வெளியான ஆய்வுக்கு. 11 அமெரிக்க நகரங்களில், கணவன் அல்லது காதலன் கையால் செத்துப்போன பெண்களையும் அடிவாங்கி உயிரோடு இருக்கிற பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அடிக்கிறவனுக்குத் துப்பாக்கி கிடைக்கும் என்றால் கொலை ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல். அதிகமாகக் கட்டுப்படுத்துகிறவன், அவள் அவனை விட்டு விலகுகிறாள், இரண்டும் சேர்ந்தால் ஒன்பது மடங்கு. அவன் வேலையில்லாமல் இருப்பதும் பெரிய காரணமாக வந்தது. அவன் போதைப்பொருள் எடுப்பதும் கணக்கில் வந்தது. ஆனால் பெரும்பாலும் சுற்றுவழியாக: போதை அடி உதையின் தன்மையை மோசமாக்கியது, மோசமான அடி உதை கொலைக்குக் கொண்டுபோனது. கவனிக்க வேண்டிய இன்னொன்று, அவள் குடிப்பதோ போதை எடுப்பதோ அவள் கொல்லப்படும் ஆபத்தைத் தனியாக ஏற்றவில்லை. 'அவளும் சரியில்லை' என்று பேசுகிற சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஒரு சின்னக் காகிதம் இருக்கிறது. மேரிலாந்து மாநிலத்தில் 2005-லிருந்து, வீட்டுச் சண்டை என்று அழைப்பு வந்து போகிற போலீஸ்காரர்கள் வாசலிலேயே நின்று அந்தப் பெண்ணிடம் 11 கேள்வி கேட்கிறார்கள். பிறகு பல மாநிலங்கள் இதை எடுத்துக்கொண்டன. ஆயுதத்தைக் காட்டி மிரட்டினாரா, கொன்றுவிடுவேன் என்றாரா, கொன்றுவிடுவார் என்று உனக்கே தோன்றுகிறதா என்று ஆரம்பிக்கும். துப்பாக்கி இருக்கிறதா, எப்போதாவது கழுத்தை நெரித்தாரா, ஓயாமல் சந்தேகப்பட்டு உன் நாளையே கட்டுப்படுத்துகிறாரா, விட்டுப் பிரிந்தாயா, அவருக்கு வேலை இல்லையா, தற்கொலைக்கு முயன்றாரா, அவருடையது அல்லாத குழந்தை உனக்கு உண்டா, பின்தொடர்ந்து வேவு பார்க்கிறாரா. அவ்வளவுதான். இதில் போதை பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

ஆரம்பத்தில் எனக்கு இது குறையாகத்தான் தெரிந்தது. பிறகு யோசித்தால், வலி மாத்திரை ஒரு கல்யாணத்துக்குள் வந்து என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் காகிதத்தைவிட நல்ல வழி இல்லை. மாத்திரை வருவதற்கு முன் இந்த 11 கேள்விக்கும் அந்த வீட்டின் பதில் என்னவாக இருந்திருக்கும், மூன்று வருடம் கழித்து என்னவாகிறது என்று பார்த்தால் போதும். 'இல்லை' என்றிருந்த பதில்கள் ஒவ்வொன்றாக 'ஆமாம்' ஆகின்றன.

மேற்கு வர்ஜீனியாவையும் கிழக்கு கென்டக்கியையும் தெற்கு ஓஹையோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரிச் சுரங்கம், மரம் வெட்டுதல், லாரி ஓட்டுதல் என்று உடம்பை உடைக்கிற வேலை செய்கிற ஊர்கள். முதுகு போகும், முட்டி போகும். 1996-ல் பர்டூ ஃபார்மா கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற ஆக்ஸிகோடோன் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, இதற்கு அடிமையாவது குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றது. அப்படிச் சொன்னது தவறு என்று 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அதற்குள் காரியம் முடிந்திருந்தது. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று ஒரு ஊர், மக்கள்தொகை 400 சொச்சம். அங்கே ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு வருடத்தில் சுமார் 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரை வந்து இறங்கியது. அந்த ஊர்களில் இதைச் சாப்பிட்டவர்கள் தெருவில் சுற்றுகிறவர்கள் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போன, சம்பாதித்துக் குடும்பம் நடத்திய கணவன்மார்களும் மனைவிமார்களும்.

அப்படிப்பட்ட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு ஆளைச் சொல்லவில்லை, பலரும் வந்து போகும் பாதை இது. முதலில் காயத்துக்கு விடுப்பு, பிறகு காயத்துக்கான இழப்பீட்டுத் தொகை, பிறகு வேலை போகிறது. 'வேலை இல்லையா' என்ற கேள்விக்குப் பதில் மாறிவிட்டது. உடம்பு மருந்துக்குப் பழகிவிடுவதால் முப்பது நாளுக்கு எழுதிய மாத்திரை இருபதாம் நாளே தீர்ந்துபோகிறது. மீதி பத்து நாளுக்கு வெளியே வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் தெருவில் ஆக்ஸிகான்டின் விலை ஒரு மில்லிகிராமுக்கு ஒரு டாலர் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். 80 மில்லிகிராம் மாத்திரை 80 டாலர். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று. வீட்டு வாடகை, அவள் சம்பளம், பிள்ளையின் சேமிப்பு, நம் ஊரில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போவது மாதிரி அவர்களுடைய கல்யாண மோதிரம், எல்லாம் இதிலேயே போகிறது. இப்போது சண்டை தினசரி சண்டை.

பணம் எங்கே போகிறது என்பதை மறைக்க வேண்டியிருப்பதால் அவர் பொய் சொல்கிறார். பொய் சொல்கிறவருக்கு அடுத்தவர் மேல் சந்தேகம் வருவது வழக்கம். அவள் ஏன் போனில் பேசுகிறாள், அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாளா, என் மாத்திரையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள், எங்கே போனாள், யாரோடு போனாள். கார் சாவி அவர் கையில், வங்கி அட்டை அவர் கையில். 'உன் நாளையே கட்டுப்படுத்துகிறாரா' என்ற கேள்விக்குப் பதில் மாறுகிறது. இடையில் 2010-ல் கம்பெனி ஆக்ஸிகான்டினை நசுக்கி உறிஞ்ச முடியாதபடி மாற்றியது. நிறையப் பேர் ஹெராயினுக்குப் போனார்கள். 2013-க்குப் பிறகு ஹெராயின் இடத்தில் ஃபென்டனில். வீட்டில் அதன் அர்த்தம் என்னவென்றால், மருந்துக்கடைக்காரர் போய் அந்த இடத்தில் கடன் கொடுக்கிற, கடனை வசூலிக்கத் துப்பாக்கியோடு வருகிற ஒரு ஆள் வந்துவிட்டார். அவருக்குப் பயந்து இவரும் படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துக்கொள்கிறார். மேற்கு வர்ஜீனியாவில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஏற்கெனவே துப்பாக்கி உண்டு, மான் வேட்டைக்கு வாங்கியது. புதிதாக வாங்கவே தேவையில்லை.

இப்போது 'போடாவிட்டால்தான் கோபம்' என்பதற்கு வருகிறேன். கடைசி டோஸ் போட்டு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் வித்ட்ராயல், அதாவது பழகிய மருந்து கிடைக்காமல் உடம்பு படும் தவிப்பு, ஆரம்பிக்கும். ஓயாத கொட்டாவி, மூக்கு ஒழுகும், உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறியும். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே வியர்க்கும், வயிற்றுப்போக்கு, கால் தானாக உதைக்கும், தூக்கம் வராது. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஓபியாய்ட் இத்தனை நாளாக அமுக்கி வைத்திருந்த மூளையின் அபாய மணி மொத்தமாக அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை உஷார்ப்படுத்துகிற நார் அட்ரினலின் பெருகி, சின்னச் சத்தம்கூட அடி மாதிரி விழும். வித்ட்ராயலில் இருக்கிறவருக்கு இதைத் தீர்க்கிற பொருள் உலகத்தில் ஒன்றுதான், அதற்கும் அவருக்கும் நடுவில் ஒருத்தி நிற்கிறாள். பர்ஸ் அவளிடம் இருக்கிறது, அல்லது மாத்திரையை அவள் கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். இந்த வீடுகளில் பெண்கள் காலண்டரில் அடுத்த மருந்துச் சீட்டு தேதியை வட்டம் போட்டு வைத்திருப்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவருக்காக அல்ல, எந்த வாரம் பிள்ளைகளை அம்மா வீட்டில் விட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வித்ட்ராயலில் தவிக்கிற ஆயிரக்கணக்கானவர்களை எங்கள் மாதிரி மையங்கள் பார்க்கின்றன. வாந்தி எடுக்கிறார்கள், அழுகிறார்கள், நர்ஸைத் திட்டுகிறார்கள். நர்ஸின் கழுத்தைப் பிடிப்பவர் அபூர்வம். அதே ஆள் வீட்டில் மனைவியின் கழுத்தைப் பிடிக்கிறார் என்றால், அவருடைய கட்டுப்பாடு போய்விட்டது என்று சொல்வது சரிப்படாது. யாரை அடிக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாத்திரை வருவதற்கு முன்பே அவளை அதட்டி, மட்டம் தட்டி, ஆட்டிவைத்துப் பழகிய கணவரிடம்தான் இந்தப் போதை கொலை வரை போகிறது. அப்படி ஒரு பழக்கமே இல்லாத வீட்டில் போதை வந்தால் திருட்டு, பொய், கடன், அளவு மீறிப்போய் உயிருக்கு ஆபத்தாகிற ஓவர்டோஸ் எல்லாம் நடக்கும். கொலை நடப்பது மிக அரிது.

கொலை நடக்கிற நேரம் எது? அவள் போகிறேன் என்று சொல்கிற நேரம், அல்லது போய்விட்ட முதல் சில மாதங்கள். இது போதை இல்லாத வீட்டுக்கும் பொருந்தும். போதை உள்ள வீட்டில் கூடுதலாக ஒன்று சேர்கிறது. அவள் வெளியேறினால் மனைவி மட்டும் போகவில்லை, மாத்திரைக்கான பணமும், போலீஸிடமிருந்து மறைக்கிற கையும், ஓவர்டோஸ் ஆனால் எழுப்பிவிடுகிற ஆளும் சேர்ந்து போகிறார்கள். அவருக்கு உயிர் வாழ்வதே அவள் மேல் நிற்கிறது. இதோடு தற்கொலை எண்ணம் சேரும்போது நிலைமை இன்னும் மோசம். நீண்ட நாள் சாப்பிட்ட ஓபியாய்டைத் திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலியும் மன உளைச்சலும் தற்கொலையும் வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-ல் எச்சரித்தது. மனைவியைக் கொல்கிற ஆண்களில் கணிசமானவர்கள் அடுத்த நிமிடம் தங்களையும் சுட்டுக்கொள்கிறார்கள். 'நீ போனால் நான் செத்துப்போவேன்' என்பதைக் காதல் வசனமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் நிறைய. அதை ஒரு கொலை மிரட்டலைக் கேட்பது போலக் கேட்க வேண்டும்.

இதுவரை கணவருக்குப் போதை என்றே பேசிவிட்டேன். மனைவிக்குப் போதை இருக்கிற வீட்டையும் பார்க்க வேண்டும், அங்கே ஆபத்து வெளியே தெரிவதே இல்லை. நியூயார்க்கில் ஹெராயின் பழக்கத்துக்கு மாற்றாகக் கொடுக்கிற மெதடோன் என்ற மருந்துச் சிகிச்சையில் இருந்த 416 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியான ஆய்வில், ஹெராயினைப் பொறுத்தவரை திசை தலைகீழாக வந்தது. அடி முதலில், பிறகு ஹெராயின். துணைவரிடம் அடிபட்ட பெண்கள் அடுத்த கட்டத்தில் அடிக்கடி ஹெராயின் எடுப்பது இரண்டரை மடங்குக்கும் மேல் அதிகமாக இருந்தது. உடைந்த விலா எலும்புக்கும் தூங்க முடியாத இரவுக்கும் அதுதான் அவர்களுக்குக் கிடைத்த மருந்து. தேசிய குடும்ப வன்முறை உதவி எண்ணுக்கு அழைத்த பெண்களிடம் கேட்டபோது, சுமார் நான்கில் ஒருவர் துணைவரே தன்னைக் குடிக்கவோ போதை எடுக்கவோ சொல்லி வற்புறுத்தினார் என்றார். சிகிச்சைக்குப் போக முயன்ற பெண்களில் சுமார் 60 சதவீதம் பேரைத் துணைவர் தடுக்க முயன்றிருந்தார்.

தடுப்பது எப்படி என்றால், கத்தியோ துப்பாக்கியோ வேண்டியதில்லை. மெதடோன் மருந்தை ஆரம்ப காலத்தில் பல இடங்களில் தினமும் காலையில் கிளினிக்குக்கே போய் வாங்கிக் குடிக்க வேண்டியிருக்கும். ஒரே இடம், ஒரே நேரம். பின்தொடர நினைக்கிறவருக்கு இதைவிட வசதி கிடையாது. கார் டயரில் காற்றை இறக்கிவிட்டால் அன்றைய டோஸ் போச்சு, மதியம் அவளுக்கு வித்ட்ராயல், சாயங்காலம் அவர் கையில் ஒரு பொட்டலத்தோடு வருவார். தப்பித்து வேறு ஊருக்கு ஓடினால் அங்கே மெதடோன் கிடைக்க நாளாகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பிப்போகிற பெண்கள் இருக்கிறார்கள். போலீஸைக் கூப்பிட்டால் அவர் சொல்வார், 'சார், இவள் போதைக்காரி, கையைப் பாருங்கள்.' குழந்தைகள் நல அலுவலகம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம் வேறு.

சாவும் இங்கே வேறு முகத்தில் வருகிறது. தலையில் அடிபட்ட ஒருத்தி தள்ளாடினால், உளறினால், கண் சொருகினால், 'ஏத்திட்டா' என்று கட்டிலில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மூளைக்குள் ரத்தம் கசிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஓபியாய்ட் மூச்சைக் குறைப்பதால் மூளை வீக்கம் இன்னும் மோசமாகலாம், அறிகுறியும் மறைந்துபோகும். அடித்தவருக்கு அதுவே வசதி. போதைப் பழக்கம் உள்ளவள் என்று பெயர் வாங்கிய பெண் வீட்டில் செத்துக் கிடந்தால் முதலில் தோன்றுவது ஓவர்டோஸ். 2021 முதல் 2023 வரை ஒவ்வொரு வருடமும் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓவர்டோஸில் செத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சாவு கொலையா, யாராவது வேண்டுமென்றே அளவைக் கூட்டிக் கொடுத்தார்களா என்று தோண்டிப் பார்ப்பதற்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆளும் இல்லை, ஆர்வமும் இல்லை. முன்பு அடி உதைப் புகார் இருந்ததா என்று ஓவர்டோஸ் சாவு ஒவ்வொன்றிலும் ஒரு வரி கேட்டாலே பல கோப்புகள் வேறு மாதிரி முடியும் என்பது என் எண்ணம்.

சரி, சிகிச்சை கொடுத்தால் அடிப்பது நின்றுவிடாதா? எங்கள் துறையிலேயே நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், நீதிபதிகளும் நினைக்கிறார்கள். அடித்த வழக்கில் வந்தவரை 28 நாள் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று கோப்பை மூடுவதைப் பார்க்கலாம். ஓபியாய்ட் பழக்கத்துக்குக் கொடுக்கிற ப்யூப்ரெனார்ஃபின், மெதடோன் இரண்டும் உயிர் காக்கிற மருந்துகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வித்ட்ராயல் நிற்கிறது, பணத் தட்டுப்பாடு குறைகிறது, தெருவில் வாங்குகிற கடன் நிற்கிறது. 11 கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் மறுபடியும் 'இல்லை' ஆகும். ஆனால் அவளைத் தன் சொத்தாக நினைப்பதற்கு ப்யூப்ரெனார்ஃபினில் மருந்து இல்லை. தெளிந்த தலையோடு வீட்டுக்கு வருகிறவர், தான் இல்லாதபோது அவள் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் கணக்குக் கேட்க ஆரம்பிப்பதும் உண்டு. போதைக்கும் வன்முறைக்கும் தனித்தனியாக, ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். 28 நாள் முடிந்து வருகிற அந்த வாரத்தை நான் ஆபத்தான வாரமாகத்தான் கணக்கில் வைப்பேன்.

'மாத்திரைதான் அப்படிச் செய்ய வைத்தது' என்ற வாதம் கோர்ட்டில் நிற்குமா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தானாக எடுத்துக்கொண்ட போதை பல மாநிலங்களில் விடுதலை தராது. சிலவற்றில் திட்டமிட்ட கொலை என்பதை அதைவிடச் சிறிய கொலைக் குற்றமாகக் குறைக்க உதவலாம். அதைக்கூட ஒரு மாநிலம் அனுமதிக்காமல் இருக்கலாம் என்று 1996-ல் மொன்டானா எதிர் எகல்ஹாஃப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட்டைவிட வீட்டில்தான் இந்த வாதம் அதிகம் செல்லுபடியாகிறது. 'அவர் நல்லவர், மாத்திரைதான்' என்று மாமியார் சொல்வார், அவளே சொல்லிக்கொள்வாள்.

உங்கள் சொந்தக்காரப் பெண்ணுக்கு வருகிறேன். அவளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அல்ல. கழுத்தில் கை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், ஒரே ஒரு முறையாக இருந்தாலும். முன்பு கழுத்தை நெரித்திருந்தால் பின்னால் அவர் கையால் கொல்லப்படும் ஆபத்து சுமார் ஏழு மடங்கு என்று 2008-ல் வந்த ஆய்வு சொல்கிறது. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எங்கே என்று கேளுங்கள். பிறகு அவளுக்கே என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். 'கொன்றுவிடுவார் என்று நினைக்கிறேன்' என்றால் அதை மிகை என்று தள்ளாதீர்கள். தோன்றவில்லை என்று சொல்வதை மட்டும் வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம். செத்துப்போன பெண்களில் பலருக்கு ஆபத்து அந்த அளவுக்கு என்று தெரிந்திருக்கவில்லை.

அவர் மாத்திரையை எடுத்துக் கழிவறையில் கொட்டும்படி யாரும் யோசனை சொல்லிவிடாதீர்கள். நம் வீடுகளில் இதுதான் முதல் யோசனையாக வரும், பாட்டிலை உடைப்பது மாதிரி. அவரைத் திடீர் வித்ட்ராயலில் தள்ளி, காரணம் இவள் என்று விரலையும் நீட்டிக் கொடுப்பது அது. ஓவர்டோஸை முறிக்கிற நலோக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே 2023-லிருந்து மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது, வீட்டில் ஒன்று இருக்கட்டும். ஆனால் அடித்துப் பழகிய ஆளுக்கு அதைக் கொடுத்த பிறகு பக்கத்தில் மண்டியிட்டு உட்கார வேண்டாம். அது சில நிமிடங்களில் போதையை இறக்கிப் பெரிய வித்ட்ராயலில் எழுப்பும். உயிர் பிழைத்தவர் கண் திறந்ததும் கத்துவது 'ஏன் இறக்கினாய்' என்றுதான். 911-ஐக் கூப்பிட்டு, ஸ்ப்ரே அடித்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்க முடிகிற தூரத்தில் கதவுப் பக்கமாக நிற்கட்டும்.

அவள் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கான விசாவில், இருந்தால், புகார் கொடுத்தால் தானும் நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டிருப்பாள், அவரும் அதைச் சொல்லி மிரட்டியிருப்பார். அடிபட்ட எச்-4 மனைவி தனியாக வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யு விசா உண்டு. கணவர் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருந்தால் அவருக்குத் தெரியாமலே அவளே தன் கிரீன் கார்டுக்கான மனுப் போடலாம். ஒரு குடியேற்ற வக்கீலிடம் ரகசியமாக ஒரு முறை பேசட்டும். நியூ ஜெர்ஸியில் 1985-லிருந்து இயங்கும் மானவி மாதிரி தெற்காசியப் பெண்களுக்கான அமைப்புகள் வழிகாட்டும். அவர் அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கினால் அவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றமாகலாம், அந்தச் சட்டம் செல்லும் என்று 2024 ஜூனில் ராஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் காகிதம் போய் துப்பாக்கியைப் பிடுங்காது. யார் எப்போது வாங்கிக்கொள்வார்கள் என்று அந்த மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'உடனே கிளம்பி வா' என்று மட்டும் போனில் சொல்லிவிடாதீர்கள். கிளம்புகிற நாள்தான் இருக்கிறதிலேயே ஆபத்தான நாள் என்பதால் அதைத் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும். எந்த நேரம், பாஸ்போர்ட் எங்கே, பிள்ளைகளின் சான்றிதழ் எங்கே, எந்தக் காரில், யார் வீட்டுக்கு. அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்புவது, எதிரே உட்கார்ந்து கடைசியாக ஒரு முறை பேசிப் பார்ப்பது, இரண்டும் வேண்டாம். 1-800-799-7233 தேசிய உதவி எண்ணில் இந்தத் திட்டத்தை அவளோடு உட்கார்ந்து போட ஆள் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். போன் பில் அவர் பெயரில் வந்தால் அழைத்த எண்கள் அவர் கண்ணில் படும். அதனால் அவள் போனிலிருந்து வேண்டாம், வேலை செய்யும் இடத்திலிருந்தோ ஒரு தோழியின் போனிலிருந்தோ கூப்பிடட்டும். உங்களோடு பேசும்போது அவர் பக்கத்தில் இருந்தால் தெரிந்துகொள்ள, சாதாரணமாகக் காதில் விழுகிற ஒரு சொல்லை, 'பெருங்காயம் தீர்ந்துபோச்சு' என்கிற மாதிரி, இப்போதே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால் நீங்கள் அங்கிருக்கும் ஒருவர் மூலம் அவள் ஊர் போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று அர்த்தம். இந்தியாவிலிருந்து 911-ஐ நேரடியாக அழைத்தால் அவள் ஊருக்குப் போகாது. அந்த ஊர் போலீஸ் நிலையத்தின் பத்து இலக்க எண்ணை இன்றைக்கே எடுத்து உங்கள் போனில் சேமித்துவிடுங்கள்.